கோடு முடிகிற இடத்திலிருந்து ஒரு மடல்

நகரத் தெருக்களை வரைகிற பொறியாளர்களுக்கும், அந்த வரைபடங்களுக்கு ஒப்புதல் தருகிற நகர்மன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் 11 ஆண்டுகளாகச் சைக்கிளில் வேலைக்குப் போய் வருகிறவள். இத்தனை நாளும் எழுதத் தோன்றாத இந்த மடலை எழுத வைத்தவள் என் 9 வயது மகள்.

போன விடுமுறையில் அவளை முதன்முறையாகப் பெரிய சாலைக்குக் கூட்டிப்போனேன். அவள் முன்னால், நான் பின்னால். சாலை ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டு, நடுநடுவே சைக்கிள் படம் வரைந்த தடம். "கோட்டைத் தாண்டாதே, உள்ளேயே போ" என்று சொல்லியிருந்தேன். சொன்னபடியே போனாள். சிக்னலுக்கு 30 அடி இருக்கும்போது கோடு நின்றுவிட்டது. அவளும் நின்றுவிட்டாள். ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பி என்னைப் பார்த்தாள். "அம்மா, இனிமே நான் எங்கே போகணும்?"

பின்னாலிருந்து ஒரு பேருந்து ஹாரன் அடித்தது. எனக்குப் பதில் வரவில்லை. அந்தச் சந்திப்பை நான் ஆயிரம் தடவைக்கு மேல் கடந்திருப்பேன். எப்படிக் கடக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். தோளுக்கு மேலாகப் பின்னால் பார்ப்பேன், எந்த ஓட்டுநர் என்னைக் கவனித்திருக்கிறார் என்று கணிப்பேன், சின்ன இடைவெளி கிடைத்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்து நடுத்தடத்துக்குள் புகுந்துவிடுவேன். இதை ஒரு குழந்தையிடம் "இப்படிச் செய்" என்று எப்படிச் சொல்வது? இரண்டு பேரும் இறங்கி, நடைபாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு திரும்பினோம்.

அவள் கேட்ட கேள்வியை உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன். கோடு முடிந்த பிறகு சைக்கிளில் வருகிறவர் எங்கே போக வேண்டும்?

கோடு ஏன் அங்கே முடிகிறது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. சந்திப்பில்தான் இட நெருக்கடி அதிகம். திரும்புகிற வண்டிகளுக்கு ஒரு தடம், நேரே போகிற வண்டிகளுக்கு இரண்டு தடம் என்று பங்கு பிரித்து முடிக்கும்போது சைக்கிளுக்கு மிச்சம் இருப்பதில்லை. இடையில் மிச்சம் இருந்த இடத்தில் எங்களுக்குக் கொடுத்தீர்கள், மிச்சம் தீர்ந்த இடத்தில் நிறுத்திவிட்டீர்கள். ஆனால் சைக்கிள் ஓட்டுகிறவரின் பயம் முழுவதும் அந்த 30 அடியில்தான் இருக்கிறது. இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே நேராக ஓடுகிற சாலையில் எல்லோரும் ஒரே திசையில் போகிறோம். சந்திப்பில்தான் ஒருவர் பாதையை இன்னொருவர் வெட்டுகிறார்.

அதிலும் கனரக லாரி. அதன் ஓட்டுநர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். வண்டியை ஒட்டி ஓரத்தில் நிற்கிற சைக்கிள் அவருடைய சன்னலுக்குக் கீழே போய்விடுகிறது, கண்ணாடியிலும் விழாமல் தப்பிவிடலாம். பச்சை விழுந்ததும் அவர் ஓரப்பக்கம் திரும்புகிறார். நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியில் போகாது, மூலையை வெட்டிக்கொண்டு உள்ளே வரும். நேரே போகக் காத்திருந்தவர் எந்தத் தவறும் செய்யாமலேயே அந்தச் சக்கரத்துக்கும் ஓரக்கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார். இந்த ஆபத்தை உணர்ந்துதான் லண்டன் நகரம் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு, ஓட்டுநரால் தன் கண்ணால் நேரடியாக எவ்வளவு பார்க்க முடிகிறது என்று மதிப்பெண் போட்டு, 2021 முதல் அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியது. வண்டியை மாற்றுவது நல்லதுதான். சந்திப்பை மாற்றுவது அதைவிட நல்லது, அது உங்கள் கையில் இருக்கிறது.

நெதர்லாந்துக்காரர்கள் சந்திப்பின் மூலையில் ஒரு சின்னத் தீவு கட்டுகிறார்கள். வாழைப்பூ மடல் போல வளைந்த ஒரு கான்கிரீட் மேடு, அவ்வளவுதான். அந்த மேட்டுக்கு உள்பக்கமாகச் சைக்கிள் தடம் வளைந்து, குறுக்குச் சாலையை ஏறத்தாழ ஒரு கார் நீளம் தள்ளிக் கடக்கிறது. இதனால் மூன்று காரியம் நடக்கிறது. மேட்டைச் சுற்ற வேண்டியிருப்பதால் கார் வேகம் குறைத்துத்தான் திரும்ப முடியும். திரும்பி முடித்த பிறகே சைக்கிளைச் சந்திப்பதால், ஓட்டுநருக்குச் சைக்கிளில் வருகிறவர் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒரு நிழலாக இல்லாமல், முன்கண்ணாடி வழியே முழு ஆளாகத் தெரிவார். வழிவிடுவதற்காகக் கார் நிற்க அந்த ஒரு கார் நீள இடமும் இருக்கிறது, பின்னால் வருகிற வண்டியை மறிக்காது. போக்குவரத்து அதிகமான இடத்தில் சைக்கிளுக்குத் தனிச் சிக்னலும் வைத்துவிடுகிறார்கள். பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. கல், கான்கிரீட், வண்ணப்பூச்சு, கொஞ்சம் வடிவியல். என் மகளின் கேள்விக்கு அந்த மூலைத்தீவு பதில் சொல்லிவிடும். அவள் வாயைத் திறந்து கேட்கவே தேவை இருக்காது.

இதைச் சொன்னால் "அது நெதர்லாந்து, அவர்களுக்கு ரத்தத்திலேயே சைக்கிள் ஊறியிருக்கிறது" என்ற பதில் வரும் என்று தெரியும். பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். ரத்தத்தில் ஊறியதாக இருந்தால் அவர்கள் தெருவில் உட்கார்ந்து போராட வேண்டிய அவசியம் வந்திருக்காது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இருபது, முப்பது ஆண்டுகளில் அந்த நாடும் மற்ற நாடுகளைப் போலவே காருக்காகத் தெருக்களை அகலப்படுத்தியது, சதுக்கங்களை வண்டி நிறுத்துமிடமாக்கியது. 1971-ல் மட்டும் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பள்ளிக்குப் போகிற வழியில் மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர், 1972-ல் 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்று தலைப்பிட்டுக் கட்டுரை எழுதினார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயரானது. தாய்மார்களும் தந்தையரும் சாலையை மறித்தார்கள், பிள்ளைகள் நடுத்தெருவில் விளையாடினார்கள். அந்த இயக்கத்தின் முதல் தலைவரான மார்ட்யே வான் புட்டன் பின்னாளில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரானார். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதையே சில வாரங்கள் அரசு தடை செய்தது. கார் இல்லாத தெரு எப்படி இருக்கும் என்று ஒரு நாடு முழுவதும் கண்ணால் பார்த்தது.

அதற்குப் பிறகும் அவர்களுக்கு எடுத்ததும் எல்லாம் சரியாக வந்துவிடவில்லை. முதலில் ஒன்றிரண்டு நகரங்களில் பளிச்சென்று ஒரே ஒரு நீளப் பாதை போட்டுப் பார்த்தார்கள். அந்தப் பாதையில் ஆட்கள் வந்தார்கள், ஆனால் நகரம் மாறவில்லை. பாதை முடிந்த இடத்தில் பழைய ஆபத்து அப்படியே இருந்தது. 1980-களில் டெல்ஃப்ட் நகரம் துண்டு துண்டாக இல்லாமல், வீட்டு வாசலிலிருந்து போக வேண்டிய இடம் வரை தொடர்ச்சியாக ஒரு வலையமைப்பையே போட்டது. மாற்றம் அப்போதுதான் தெரிந்தது. ஸ்பெயினின் செவில் நகரம் இந்தப் பாடத்தை நன்றாகப் படித்திருக்கிறது. அங்கே சைக்கிள் பண்பாடு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை, வெயிலும் கடுமை. 2006 தொடங்கி நான்கைந்து ஆண்டுகளில், ஒன்றோடொன்று இணைந்த சுமார் 120 கி.மீ. தனித்தடத்தைக் கட்டி முடித்தார்கள். அதுவரை விரல்விட்டு எண்ணும்படி இருந்த சைக்கிள் பயணங்கள் பல மடங்கு பெருகின. இணைப்புதான் காரணம். 10 கி.மீ. பாதையில் அரை கி.மீ. அறுந்திருந்தால், பயப்படுகிறவருக்கு மிச்சம் ஒன்பதரை கி.மீ.யும் இல்லாததுதான்.

பயப்படுகிறவர் என்று சொன்னேன். நீங்கள் யாருக்காக வரைய வேண்டும் என்பதற்கு என் பதில் அதுதான். அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரில் சைக்கிள் ஒருங்கிணைப்பாளராக இருந்த ராஜர் கெல்லர், தன் நகரத்து மக்களை நான்கு வகையாகப் பிரித்தார். எந்தச் சாலையிலும் அஞ்சாமல் ஓட்டுகிறவர்கள் 100-க்கு ஒருவர்கூடத் தேற மாட்டார்கள். கோடு போட்டால் போதும் என்று நம்பிக்கையோடு வருகிறவர்கள் 7 பேர். எப்படியும் சைக்கிள் ஓட்டப்போவதில்லை என்கிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு. மீதி சுமார் 60 பேர், ஆசை இருக்கிறது, ஆனால் பயமாக இருக்கிறது என்கிறவர்கள். அது அவர் தன் அனுபவத்தில் போட்ட கணக்குதான். ஆனாலும் என் அலுவலகத்தில் யாரிடம் பேசினாலும் அந்த 60 பேரில் ஒருவரைத்தான் சந்திக்கிறேன். "எனக்கும் ஆசைதான், ஆனா அந்த மேம்பாலத்துக்கு அடியில எப்படிப் போறீங்க?" என்பார்கள்.

அதனால்தான் "இந்தச் சாலையில் சைக்கிள்களே வருவதில்லை, பிறகு எதற்குத் தடம்?" என்ற கணக்கெடுப்பு எனக்கு வருத்தம் தருகிறது. கதவைப் பூட்டிய வீட்டுக்கு முன்னால் நின்று, விருந்தாளி யாரும் உள்ளே போகவில்லை என்று எழுதிக்கொள்வது போல இருக்கிறது அது. இன்று அங்கே ஓட்டுகிறவர்களை மட்டும் எண்ணினால், பயந்து வீட்டிலேயே நின்றுவிட்டவர்கள் உங்கள் தாளில் ஏறவே மாட்டார்கள். என் மகள் அந்தக் கணக்கில் இல்லை. நாங்கள்தான் தள்ளிக்கொண்டு போய்விட்டோமே.

எல்லாத் தெருவிலும் தனித்தடம் வேண்டும் என்று கேட்கவில்லை. குடியிருப்புத் தெருக்களில் தடம் தேவையே இல்லை, வேகம் குறைந்தால் போதும். 50 கி.மீ. வேகத்தில் வருகிற கார் நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடுகிறது. 30 கி.மீ. வேகத்தில் 8 மீட்டர் சொச்சம். குறுக்கே ஒரு பிள்ளை வந்ததைக் கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30-ல் வந்தவர் அந்த ஒரு நொடி ஓட்டத்தையும், பிரேக் பிடித்து நிற்கிற தூரத்தையும் சேர்த்து, காய்ந்த சாலையில் 13, 14 மீட்டரில் நின்றுவிடுவார். அதே 14-வது மீட்டரில், 50-ல் வந்தவரின் கால் அப்போதுதான் பிரேக்கைத் தொடுகிறது. ஒருவர் நின்றுவிட்ட இடத்தில் இன்னொருவர் முழு வேகத்தோடு மோதுகிறார். பாரிஸ் 2021 ஆகஸ்ட் இறுதியில் தன் தெருக்களில் பெரும்பாலானவற்றுக்கு 30 கி.மீ. என்று வரம்பு வைத்ததும், அதே ஆண்டு ஸ்பெயின் நகரங்களில் திசைக்கு ஒரு தடம் மட்டும் உள்ள தெருக்களுக்கெல்லாம் அதையே சட்டமாக்கியதும் இந்தக் கணக்கை நம்பித்தான்.

ஆனால் '30' என்று பலகை நட்டுவிட்டு, தெருவை விமான ஓடுதளம் போல அகலமாகவும் நேராகவும் விட்டுவிடாதீர்கள். ஓட்டுநரின் கால் தெருவைப் பார்த்துத்தான் அழுத்தும். தடத்தைக் குறுக்குங்கள், மூலைகளை இறுக்குங்கள், நடந்து கடக்கிற இடத்தை மேடாக்குங்கள். குறுக்குவழி தேடுகிற வண்டிகளை உள்தெருவுக்குள் விடாதீர்கள். நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரம் 1977-ல் செய்த காரியத்தை எத்தனை தடவை படித்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. நகர மையத்தை நான்கு பகுதியாகப் பிரித்தார்கள். காரில் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு நேராகப் போக முடியாது, வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். நடந்தும் சைக்கிளிலும் போகிறவர்களுக்கு எல்லாப் பக்கமும் திறந்திருந்தது. எந்தக் கடைக்கும் காரில் போகலாம், ஊடுருவிப் போகத்தான் முடியாது. வியாபாரிகள் கொதித்தார்கள். திட்டத்தை முன்னின்று நடத்திய மாக்ஸ் வான் டென் பெர்க் அப்போது முப்பது வயதை ஒட்டிய இளைஞர்தான். அவர் பின்வாங்கவில்லை. ஒப்புதல் தருகிற இடத்தில் இருக்கிறவர்கள் அதை மனதில் கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சாலையில் கண்ணுக்குத் தெரியாத சின்ன விஷயங்களும் இருக்கின்றன. என் மோவாயில் 4 தையல் போட்ட தழும்பு உண்டு. மழைநீர் வடிகால் மூடி ஒன்று தந்தது. அதன் கம்பிகள் வண்டி போகிற திசையிலேயே நீளவாக்கில் இருந்தன, இடைவெளி என் முன்டயரைவிட அகலம். என் டயர் 28 மி.மீ. ஈரத்தில் கம்பி பளபளப்பது தெரிந்தது, பிளவு தெரியவில்லை. சக்கரம் உள்ளே இறங்கியது, சைக்கிள் அங்கேயே நின்றது, நான் மட்டும் முன்னால் போய் விழுந்தேன். பின்னால் வண்டி எதுவும் வராததால் இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த மூடி சதுரமானது. எடுத்துத் திருப்பிப் போட்டால் கம்பிகள் குறுக்காக வந்துவிடும், எந்தச் சக்கரமும் இறங்காது. இரண்டு பேர், ஒரு கடப்பாரை, பத்து நிமிட வேலை. இரண்டு முறை மனுக் கொடுத்தேன். மூடி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இது எந்த நகரம் என்று நான் எழுதவில்லை, எழுதத் தேவையுமில்லை. உங்கள் தெருவில் இறங்கி நடந்து பாருங்கள், அதன் சகோதரிகள் கிடைப்பார்கள்.

நிறுத்தி வைத்த கார்களை ஒட்டித் தடம் வரைவதும் அப்படித்தான். கார்க்கதவு திடீரென்று திறந்தால் ஒரு மீட்டர் வரை நீட்டிக்கொள்ளும், நீங்கள் கோடு போட்ட அகலத்தில் பெரும்பகுதியை அது ஒன்றே விழுங்கிவிடும். காரை வெளிப்பக்கம் நிறுத்தச் சொல்லி, சைக்கிளை நடைபாதைப் பக்கம் கொண்டுவந்து, நடுவில் கதவு திறக்கிற அளவு இடம் விட்டால் அதே கார் எங்களுக்கு அரணாகிவிடும். ஒரு அடிகூடச் சாலையை அகலப்படுத்த வேண்டாம், வரிசையை மாற்றினால் போதும்.

அகலத்தைப் பற்றி இன்னொன்று. ஒல்லியான ஓர் ஆள் ஒல்லியான சைக்கிளில் போவதை மனதில் வைத்து ஒரு மீட்டர் தடம் வரைகிறீர்கள். அதில் மூன்று சக்கர வண்டியை மிதிக்கிற முதியவர் வருவார். கையால் சுற்றி ஓட்டுகிற வண்டியில் கால் செயல்படாதவர் வருவார். முன்னால் பெட்டி வைத்துப் பொருள் ஏற்றி வருகிறவர் இருக்கிறார். பக்கத்தில் பிள்ளையை வைத்துப் பேசிக்கொண்டே ஓட்ட விரும்புகிற அம்மாவும் இருக்கிறாள். காருக்குள் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதை யாரும் ஆடம்பரம் என்று சொல்வதில்லையே.

மாற்றுப்பாதை என்று சொல்லி, பூங்காவுக்குப் பின்னால், ஆளரவமில்லாத மதிலோரமாகப் பச்சை வண்ணம் அடித்துத் தருகிறார்கள். பகலில் அழகாக இருக்கிறது. இருட்டிய பிறகு நான் அந்தப் பக்கம் போக மாட்டேன். பல பெண்கள் போக மாட்டார்கள். விளக்கும், கடைகளும், நடமாட்டமும் பெரிய சாலையில்தான் இருக்கின்றன, எங்களுக்குப் போக வேண்டிய இடங்களும் அங்கேதான் இருக்கின்றன. லாரிக்குப் பயந்தா, தனிமைக்குப் பயந்தா என்று எங்களைத் தேர்ந்தெடுக்க வைக்காதீர்கள்.

சைக்கிளில் போகிறவர்களும் விதியை மீறுகிறார்கள் என்பீர்கள். மீறுகிறார்கள். விளக்கில்லாமல் வருகிறார்கள், எதிர்த்திசையில் வருகிறார்கள், அது தப்புதான். பார்த்தால் நானே நிறுத்திச் சொல்வேன். ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997-ல் ஏற்றுக்கொண்ட சாலைக் கொள்கை, மனிதர் தவறு செய்வார் என்பதிலிருந்துதான் தொடங்குகிறது. அந்தத் தவறுக்கு உயிர் விலையாகிவிடாதபடி சாலையை அமைப்பது அதை அமைக்கிறவர்களின் பொறுப்பு என்கிறது. நான் தலைக்கவசம் போட்டுக்கொள்கிறேன், மகளுக்கும் போட்டுவிடுகிறேன். அது விழுந்த பிறகு உதவும். விழாமல் இருப்பதற்கு நீங்கள்தான் உதவ வேண்டும்.

பணமும் காலமும் ஆகும் என்று எனக்குத் தெரியும். அதுவரை காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கொலம்பியாவின் பொகோட்டாவில் 1974-ல் தொடங்கிய ஒரு வழக்கம் இன்றும் நடக்கிறது. ஞாயிறுகளிலும் விடுமுறை நாள்களிலும் காலையிலிருந்து மதியம் 2 மணி வரை, 120 கி.மீ.க்கும் அதிகமான முக்கியச் சாலைகளைக் கார்களுக்கு மூடி, மக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். ஒரு தடுப்பும் சில தன்னார்வலர்களும் இருந்தால் ஒரு சாலையிலாவது நம்மாலும் தொடங்க முடியும். தெருவில் எத்தனை பேருக்கு ஆசை இருக்கிறது என்பதை அன்றைக்கு எண்ணிப் பாருங்கள். அந்தக் கணக்கை நான் நம்புவேன்.

கடைசியாக ஒரு கோரிக்கை. அடுத்த வரைபடத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், ஒரு வேலைநாள் காலை எட்டரை மணிக்கு அந்தச் சாலைக்கு வாருங்கள். காரில் இல்லை, சைக்கிளில். வரைபடத்தையும் கையில் எடுத்து வாருங்கள். என் மகள் முன்னால் போவாள், நீங்கள் அவள் பின்னால் போங்கள். கோடு முடிகிற இடத்தில் அவள் நிற்பாள், திரும்பிப் பார்த்து உங்களிடம் கேட்பாள். சைக்கிள் இல்லையென்றால் என்னுடையதைத் தருகிறேன். நான் குள்ளம், இருக்கையை மட்டும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் சாலையில் தினமும் மிதிக்கிற ஒருத்தி